மகளும் அவளே, தாயும் அவளே

போன இதழின் கடைசியில் லூசியா பொப் என்ற ஓபரா (மேற்கத்திய இசை நாடக) பாடகியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். நவம்பர் 12 அவர் பிறந்த நாள், 16 மறைந்த நாள். இரண்டும் ஒரே வாரத்தில் வருகிறதே என்று போட்ட குறிப்பு. அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு ஆசிரியர், "இந்த முறை சினிமாப் பாட்டுக் கேள்விகளை ஒதுக்கி வையுங்கள், முழுப் பக்கத்தையும் இவருக்கே கொடுத்துவிடலாம்" என்றார். எனக்கு வலிக்குமா என்ன? சரி, ஆரம்பிப்போம்.

வாசகி, தஞ்சாவூர்: மேற்கத்திய சங்கீதம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு யூடியூபில் தேடினேன். கணக்கில்லாமல் வந்து நிற்கிறது. யார் இவர்? எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது?

ஸ்லோவாக்கியாவில், மொரவா ஆற்றங்கரையில் உள்ள சாஹொர்ஸ்கா வெஸ் என்ற சிற்றூரில் 1939-ல் பிறந்தவர். அக்கரைக்குப் போனால் ஆஸ்திரியா. பிராட்டிஸ்லாவாவுக்கு நடிப்புப் படிக்கப் போன பெண். பாட்டுப் பயிற்சி ஆரம்பித்தபோது அவருடையது மெஸ்ஸோ, அதாவது பெண் குரல்களில் மிக உயர்ந்ததான சொப்ரானோவுக்கு ஒரு படி கீழே உள்ள குரல் என்றுதான் நினைத்தார்கள். போகப் போக மேல் ஸ்தாயி திறந்துகொண்டது. எந்த அளவுக்கு என்றால், 1963-ல் பிராட்டிஸ்லாவா மேடையில் அவர் ஏற்ற முதல் வேடமே மொஸார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில் வரும் இரவு ராணி. உலகத்திலேயே சொப்ரானோக்கள் அதிகம் பயப்படும் வேடம் அது. அதே ஆண்டு வியன்னா அரசு ஓபரா அவரை எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு, 1964 வசந்தத்தில், லண்டனில் ஓட்டோ கிளெம்பரர் வாத்தியக் குழுவை நடத்திய முழு ஓபரா ஒலிப்பதிவில் ராணியாகப் பாடினார். கிளெம்பரருக்கு அப்போது எண்பதை நெருங்கும் வயது. இவருக்கு 24.

நீங்கள் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். ராணிக்கு அந்த ஓபராவில் தனிப்பாட்டு இரண்டே இரண்டு. இரண்டாவதைப் போடுங்கள். கதை இதுதான்: ராணியின் மகள் பமீனா, சரஸ்ட்ரோ என்ற ஞானியின் காவலில் இருக்கிறாள். ராணி வந்து மகளின் கையில் ஒரு கத்தியைக் கொடுத்து, "அவனைக் கொன்றுவிட்டு வா, இல்லையென்றால் நீ எனக்கு மகளே இல்லை" என்கிறாள். கோபம் முற்றி வார்த்தை நின்றுபோன இடத்தில் வெறும் 'ஆ' மட்டும் மேலே மேலே ஏறுகிறது. அதன் உச்சி எவ்வளவு உயரம் என்று உங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். அஞ்சு கட்டை சுருதியில் பாடும் ஒரு பாடகியின் மேல் ஷட்ஜத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே ஏறக்குறைய இன்னும் இரண்டு ஸ்தாயி. மொஸார்ட் இதைத் தன் மைத்துனி யோசஃபா ஹோஃபருக்காக எழுதினார். 1791 செப்டம்பர் 30 அன்று வியன்னாவில் முதல் முதலாக மேடையேறியபோது பாடியதும் அந்த அம்மாள்தான். மைத்துனிமேல் என்ன கோபமோ.

பலர் இந்த இடத்தைச் சர்க்கஸாக்கிவிடுவார்கள். எங்கே தவறி விழுவாரோ என்று நமக்கு வயிற்றைக் கலக்கும். பொப்பிடம் அந்தப் பதற்றமே கிடையாது. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, முழுசாக, சுருதி பிசகாமல் விழுகிறது. கிளெம்பரரின் நிதான நடைக்கு அது இன்னும் எடுப்பாகத் தெரியும். ஒரு வேடிக்கை: ராணியின் தோழிகளாக மூன்று பெண்கள் வருவார்கள். இந்தப் பதிவில் அந்தத் தோழிகளில் இருவர் எலிசபெத் ஷ்வார்ஸ்கோப்ஃப், கிறிஸ்டா லூட்விக். அன்றைய ஐரோப்பாவின் மகாராணிகள். அவர்கள் ஏவல் செய்ய, நேற்று வந்த 24 வயதுப் பெண் ராணி.

உலகம் அவரை இன்றைக்கும் இந்தப் பதிவை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. 1967-ல் நியூயார்க் மெட்ரோபாலிடனில் அறிமுகமானதும் இதே வேடத்தில்தான். எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. அந்த உச்ச ஸ்வரத்தை வைத்து மட்டும் அவரை எடை போடுவது, கோபுரக் கலசத்தைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குள் போகாமல் திரும்புகிற மாதிரி. ஆகவே அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

அடுத்து 1981-க்கு வாருங்கள். அதே ஓபரா. பெர்னார்ட் ஹைட்டிங்க் நடத்த, பவேரிய வானொலி ஆர்கெஸ்ட்ராவோடு மியூனிக்கில் பதிவானது. இதில் ராணியாகப் பாடுபவர் எடிடா குரூபரோவா. அவரும் பிராட்டிஸ்லாவாக்காரர்தான். பொப் இப்போது யார்? மகள் பமீனா. 1964-ல் கத்தியை நீட்டியவர், 1981-ல் அந்தக் கத்தியை வாங்கிக்கொள்கிறார்.

பமீனாவின் தனிப்பாட்டில் பிருகா சாகசம் எதுவும் இல்லை. காதலன் மௌன விரதத்தில் இருக்கிறான், அது அவளுக்குத் தெரியாது. அவன் பேச மறுப்பதைப் பார்த்து, "எல்லாம் முடிந்துபோய்விட்டது" என்று பாடுகிறாள். ஏறக்குறைய நாலு நிமிஷம்தான். ஆர்கெஸ்ட்ரா அங்கங்கே ஒரு சின்ன அடி மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். குரல் தனியாக நிற்க வேண்டும். ராணியைக் கேட்ட அதே இரவில் இதையும் கேளுங்கள். பதினேழு ஆண்டுகளில் குரலின் நடுப்பகுதி எப்படிச் சதைப்பற்று ஏறி, உருண்டு திரண்டிருக்கிறது என்பது சங்கீதம் தெரியாதவர் காதுக்கும் புரியும்.

அவர் இதைத் திட்டமிட்டே செய்திருக்கிறார் என்பது என் எண்ணம். 'ஃபிகரோவின் திருமணம்' ஓபராவிலும் இதே கதைதான். ஜார்ஜ் ஷோல்ட்டி 1981-ல் எடுத்த பதிவில் வேலைக்காரி சுசன்னா. நெவில் மரினர் 1985-ல் எடுத்ததில் எஜமானி, கவுன்டஸ். மூன்றாம் அங்கத்தில் எஜமானி கடிதம் சொல்லச் சொல்ல, வேலைக்காரி எழுதுவாள்; அது இருவர் பாட்டு. ஷோல்ட்டி பதிவில் கிரி டெ கனாவா சொல்ல, பொப் எழுதிக்கொள்வார். மரினர் பதிவில் பொப் சொல்ல, பார்பரா ஹென்ட்ரிக்ஸ் எழுதிக்கொள்வார். ஒரே கடிதத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பாடியவர்.

வாசகர், கோயம்புத்தூர்: கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஓபராப் பெண்கள் ஏன் இப்படிக் கத்துகிறார்கள்? ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

கோபம் இல்லை. என் வீட்டிலும் இதே கேள்விதான், தினமும்.

முதல் விஷயம், அங்கே மைக் கிடையாது. ஆயிரம், இரண்டாயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில், முன்னால் எழுபது எண்பது வாத்தியங்கள் முழங்க, கடைசி வரிசைக்கும் குரல் போக வேண்டும். தொண்டையை வைத்துக் கத்தினால் ஒரு வாரத்தில் குரல் போய்விடும். அவர்கள் வாய், தொண்டைக் குழிவின் அதிர்வைப் பயன்படுத்துகிறார்கள்.

வார்த்தை விளங்காததற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. 'ஈ' என்பதையும் 'ஆ' என்பதையும் நாம் பிரித்து அறிவது, வாய்க்குள் எந்தெந்த அலைவரிசைகள் பலமாக அதிர்கின்றன என்பதை வைத்து. 'ஈ'க்கும் 'ஊ'வுக்கும் அதில் முதலாவது மிகக் கீழே, ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸ் பக்கம். 'ஆ'வுக்கு அதைவிட நன்றாக மேலே. பாடுகிற ஸ்வரமே 800, 900 ஹெர்ட்ஸுக்குப் போய்விட்டால் 'ஈ'யைக் காட்டுவதற்கு அடியில் எந்த ஒலியும் மிச்சமில்லை. அதனால் சொப்ரானோ மேலே போகப் போகத் தாடையை இறக்கி வாயைத் திறந்து, அந்த அதிர்வையும் ஸ்வரத்தோடு சேர்த்தே மேலே கொண்டுபோகிறாள். குரல் கணீரென்று வரும், எல்லா உயிரெழுத்தும் 'ஆ' மாதிரிக் கேட்கும். ஜெர்மன்காரருக்கும் அந்த உயரத்தில் ஜெர்மன் விளங்காது. நீங்கள் மட்டும் வருத்தப்பட வேண்டாம்.

மொஸார்ட்டுக்கு இது தெரிந்திருக்கிறது. ராணி உச்சிக்குப் போகும்போது அவளுக்கு வார்த்தையே கொடுக்கவில்லை பாருங்கள்.

கல்லூரி மாணவர், மதுரை: 1977-ல் விண்வெளிக்குப் போன வாயேஜர் கலத்தின் தங்கத் தட்டில் இருக்கும் இரவு ராணி பாட்டு லூசியா பொப் பாடியதுதானே? நண்பனோடு பந்தயம்.

பந்தயத்தில் தோற்றீர்கள். பாட்டு அதேதான், குரல் எட்டா மோஸருடையது. வொல்ஃப்காங் சவாலிஷ் நடத்த, பவேரிய அரசு ஓபரா ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. அந்தத் தட்டில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் இருக்கிறது. அதையும் கேட்டுவிட்டு நண்பருக்குப் பணத்தைக் கொடுங்கள்.

வாசகர், திருச்சி: பட்டியல் போடாமல், உங்களுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

ஒன்று கேட்டால் இரண்டு சொல்கிற வழக்கம் எனக்கு.

முதலாவது, பார்க்கவும் கேட்கவும்: 1979-ல் மியூனிக்கில் கார்லோஸ் கிளைபர் நடத்திப் படமாக்கப்பட்ட ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'ரோஜா வீரன்'. இதில் பொப் சோஃபி. பணக்கார வீட்டுப் பெண், கான்வென்ட்டிலிருந்து அப்போதுதான் வந்தவள், ஒரு முரட்டுப் பிரபுவுக்கு நிச்சயமாகியிருக்கிறாள். மாப்பிள்ளை சார்பில் ஒரு வாலிபன் வெள்ளியில் செய்த ரோஜாவைக் கொண்டுவந்து கொடுக்கிறான். அதில் பாரசீக ரோஜா எண்ணெய் ஒரு சொட்டு விட்டிருக்கிறார்கள். அவள் முகர்ந்து பார்க்கிறாள், கொண்டுவந்தவனை நிமிர்ந்து பார்க்கிறாள், கதை அங்கேயே கவிழ்ந்துவிடுகிறது. பூவின் வாசனை பூமியில் உள்ளது மாதிரி இல்லை, சொர்க்கத்து ரோஜா மாதிரி இருக்கிறது என்று அவள் பாடும் வரி மெல்ல மேலே மிதந்து போகும். அப்போது பொப்புக்கு நாற்பதை எட்டும் வயது. முகத்தைப் பாருங்கள், பதினைந்து வயதுப் பெண்ணின் திகைப்பு. நடிப்புப் படிக்கப் போன பெண் என்று சொன்னேன் அல்லவா, அது இங்கே தெரியும்.

இரண்டாவது, கேட்க மட்டும்: யனாச்செக்கின் 'தந்திரக்காரக் குள்ளநரி'. 1981-ல் சார்லஸ் மெக்கெராஸ் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கை வைத்து எடுத்த பதிவு. செய்தித்தாளில் படத்தோடு வந்த ஒரு தொடர்கதையைப் பிடித்து யனாச்செக் எழுதிய ஓபரா, 1924-ல் புர்னோ நகரில் முதலில் மேடையேறியது. வனக்காவலர் பிடித்துவந்து வளர்க்கும் பெண்நரி, முற்றத்துக் கோழிகளைக் கூட்டி ஒரு மேடைப் பேச்சு பேசும்: "தோழிகளே, இந்தச் சேவலுக்கு எத்தனை நாள் அடிமையாக இருப்பீர்கள், எழுந்திருங்கள்" என்கிற ரகம். கோழிகள் மசியவில்லை. மனம் உடைந்து சாகப்போவதாக நடித்து, பக்கத்தில் வந்து பார்க்கும் சேவலையும், பிறகு கோழிகளையும் முடித்துவிடும். பொப் இதைப் பாடும்போது குரலில் ஒரு கள்ளச் சிரிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. மொழி செக். ஸ்லோவாக் பேசி வளர்ந்தவருக்கு அது பக்கத்து வீட்டு மொழி. ஜெர்மனில் பாடும்போது அவர் உச்சரிப்பு சுத்தமாக இருக்கும். செக்கில் பாடும்போது சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. எனக்குப் பிடித்தது அந்த வித்தியாசம்.

ராணியிலிருந்து ஆரம்பித்து ஒழுங்காக ஆண்டு வாரியாகக் கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் இந்த நரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள்.

வாசகர், மைசூரு: நான் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழன். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'கடைசி நான்கு பாடல்கள்' முதன்முதலில் அரங்கேற எங்கள் மகாராஜா பணம் கொடுத்தார் என்று ஒரு பெரியவர் சொன்னார். நம்பலாமா? லூசியா பொப் அதைப் பாடியிருக்கிறாரா?

நம்பலாம். இரண்டு கேள்விக்கும் 'ஆமாம்'தான் பதில்.

உங்கள் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாரைக் கர்நாடக இசைக்காரர்களுக்கு ஸ்ரீவித்யா முத்திரையோடு 94 கீர்த்தனைகள் செய்தவராகத் தெரியும். அவர் பியானோவும் முறையாகப் படித்தவர். லண்டனில் வறுமையில் இருந்த ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் இசையைத் தட்டுகளாகப் பதிவு செய்யப் பணம் கொடுத்தார். மெட்னர் தன் மூன்றாவது பியானோ கன்செர்ட்டோவை அவருக்குக் காணிக்கையாக்கினார். லண்டனில் வால்டர் லெக் என்ற ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர் 1945-ல் ஃபில்ஹார்மோனியா என்ற ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கியிருந்தார். அதற்குக் கை கொடுத்ததும் இந்த மகாராஜாதான்.

ஸ்ட்ராஸ் அந்தப் பாடல்களை 1948-ல் எழுதினார். வயது 84. மறு ஆண்டு செப்டம்பரில் இறந்துவிட்டார். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஃபில்ஹார்மோனியா வாசிக்க, ஃபுர்ட்வெங்லர் நடத்த, நார்வே நாட்டு சொப்ரானோ கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் பாடினார். அந்தக் கச்சேரிக்கு மகாராஜா 4,800 டாலருக்கு உத்தரவாதம் கொடுத்தார். தன் இசைத்தட்டுச் சேகரிப்புக்காக அதைப் பதிவு செய்யவும் ஏற்பாடு. தான் போகாத கச்சேரி மைசூர் அரண்மனைக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். அந்தப் பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. ஒரே கரகரப்பு, ஆனாலும் ஃபிளாக்ஸ்டாடின் குரல் பாறை மாதிரி நிற்கிறது.

இப்போது பொப். 1982-ல் கிளவுஸ் டென்ஸ்டெட் நடத்த, லண்டன் ஃபில்ஹார்மோனிக்கோடு இதைப் பாடினார். மூன்றாவது பாட்டைப் போட்டுக் கேளுங்கள், 'உறங்கப் போகையில்'. ஹெர்மன் ஹெஸ்ஸெயின் கவிதை. நடுவில் குரல் நின்று ஒரு வயலின் தனியாக வாசிக்கும். அது முடியும் இடத்தில் அதே மெட்டைக் குரல் எடுத்துக்கொள்ள வேண்டும், "காவல் இல்லாத ஆன்மா பறக்க நினைக்கிறது" என்ற வரியில். எத்தனையோ பேர் அங்கே தங்கள் குரலைக் காட்டுவார்கள். பொப் வயலின் விட்ட மூச்சிலேயே தொடர்கிறார், எங்கே வாத்தியம் முடிந்தது எங்கே குரல் தொடங்கியது என்று தெரியாதபடி. பிறகு லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவோடு மைக்கேல் டில்சன் தாமஸ் நடத்தியும் ஒரு பதிவு செய்தார். குரல் அதில் இன்னும் கனமாக, கொஞ்சம் களைப்பாக இருக்கும். மூளையில் கட்டி வந்து 1993-ல் மியூனிக்கில் இறந்தார். பிறந்த நாள் கழிந்து நாலாவது நாள், வயது 54. அடக்கம் பிராட்டிஸ்லாவாவில். இது தெரிந்துவிட்டால் அந்த இரண்டாவது பதிவில் எல்லாம் சோகமாகக் கேட்கும். அது நம் மனசு பண்ணும் வேலை என்றுதான் நினைக்கிறேன். எனக்கு 1982 போதும்.

இன்னொன்று, உங்களுக்காகவே. பொப்பின் ராணி பதிவானதே, கிளெம்பரரின் 1964 பதிவு, அதில் வாசித்தது இதே ஃபில்ஹார்மோனியாதான். அந்த மார்ச் மாதம்தான் லெக் ஆர்கெஸ்ட்ராவை மூடப்போவதாக அறிவித்தார். வாத்தியக்காரர்கள் தாங்களே கூடி, தங்கள் நிர்வாகத்தில் அதைப் புதுப் பெயரோடு நடத்தினார்கள். வேலை போகப்போகிறது என்ற கவலையோடு வாசித்த வாசிப்பு அது. உங்கள் மகாராஜா அந்த ஆண்டு எங்கே இருந்தார் தெரியுமா? எங்கள் ஊரில். 1964-ல்தான் மெட்ராஸ் மாநில கவர்னராக வந்தார், 1966 வரை இருந்தார்.

வாசகி, சேலம்: நம் பாடகிகளில் இவரை யாரோடு ஒப்பிடலாம்?

ஒப்பிட மாட்டேன். அடுத்த இதழுக்கு வரும் சண்டைக் கடிதங்களுக்கு யார் பதில் எழுதுவது?

ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்: சங்கீதம் என்பது எதிரே உட்கார்ந்து கேட்பது. தட்டில் இருப்பது குரலின் நிழல். இறந்துபோன ஒருவரைத் தட்டில் கேட்டு அவரைத் தெரிந்துகொண்டதாகச் சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது இல்லையா?

ஐயா, பாதி ஒப்புக்கொள்கிறேன். நான் கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் கேபிள் சுற்ற ஆரம்பித்து, மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். தட்டு என்னென்ன பொய் சொல்லும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

பெரிய பொய், குரலின் அளவு. மைக்கை ஒரு முழம் பக்கத்தில் கொண்டுபோனால் சின்னக் குரலும் பெரிய குரலாகிவிடும். பொப்பின் குரல் அரங்கில் எவ்வளவு பெரிதாகக் கேட்டிருக்கும் என்று தட்டை வைத்து நான் சொல்லவே மாட்டேன். அடுத்தது ஒட்டு வேலை. நாலு டேக்கில் நல்லதை எல்லாம் வெட்டி ஒன்றாக்குவது. இதில் உச்சம் 1952-ல் நடந்தது. மேலே சொன்ன ஃபிளாக்ஸ்டாட், வாக்னரின் 'டிரிஸ்டானும் இசொல்டேயும்' முழுவதையும் ஃபுர்ட்வெங்லரோடு பதிவு செய்தார். இரண்டாம் அங்கத்தில் வரும் மிக உயர்ந்த இரண்டு ஸ்வரங்கள் அந்த வயதில் அவருக்குச் சிரமம். பக்கத்தில் நின்று அவற்றை மட்டும் பாடிக் கொடுத்தவர் ஷ்வார்ஸ்கோப்ஃப், அதே பொப்பின் 'தோழி'. வெளியே கசிந்ததும் பெரிய ரகளை. ஃபிளாக்ஸ்டாட் மனம் நொந்துபோனார். அந்தப் பதிவு இன்றும் உலகின் தலைசிறந்த பதிவுகளில் ஒன்று, அது வேறு விஷயம்.

ஆகவே எனக்கு ஒரு பழக்கம். ஸ்டுடியோ பதிவு ஒன்றைக் கேட்டால், அதே பாடகியின் மேடைப் பதிவு ஒன்றையும் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வைப்பேன். பொப்புக்கு அந்த 1979 மியூனிக் படம் இருக்கிறது. ஸ்டுடியோவில் இல்லை, மேடையில் எடுத்தது. அதில் கேட்கும் சுருதி சுத்தமும் ஸ்டுடியோவில் கேட்கும் சுத்தமும் ஒன்றுதான். அதற்கப்புறம் எனக்குச் சந்தேகம் இல்லை.

மீதிப் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1964-ல் அவரைக் கேட்ட ரசிகருக்கு அன்றைய பொப் மட்டுமே கிடைத்தார். 1981-ல் பமீனாவைக் கேட்டபோது, பழைய ராணி அவருக்கு வெறும் ஞாபகம். ஞாபகம் எப்படி எல்லாவற்றையும் பெரிதாக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கோ தாயையும் மகளையும் ஒரே ராத்திரியில், அடுத்தடுத்துக் கேட்க முடிகிறது. சுசன்னா எழுதிய கடிதத்தை மறுநிமிஷமே கவுன்டஸ் சொல்லக் கேட்க முடிகிறது. எதிரே உட்கார்ந்திருந்த எந்த ரசிகருக்கும் இது வாய்க்கவில்லை. அவரை அரங்கில் கேட்டவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமைதான். ஆனால் அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது. அதை நிழல் என்று நீங்கள் சொன்னால் எப்படி ஐயா?

வாசகர், புதுச்சேரி: பழைய இசைத்தட்டு வாங்குவதா, போனில் கேட்டால் போதுமா?

போன் போதும். காதில் மாட்டும் கருவி மட்டும் கொஞ்சம் நல்லதாக இருக்கட்டும். இசைத்தட்டு வாங்கினால் அதற்கு பிளேயர், பிளேயருக்கு ஊசி, அப்புறம் வீட்டில் சண்டை.

வாசகி, வேலூர்: ஆறு வயசு மகன் இருக்கிறான். அவனுக்கும் சேர்த்து ஏதாவது சொல்லுங்களேன்.

இருக்கிறதே. ஹம்பர்டிங்கின் 'ஹான்ஸலும் கிரேட்டலும்'. காட்டில் வழி தவறிய அண்ணன் தங்கை, மிட்டாய் வீடு, சூனியக்காரி, எல்லாம் பையனுக்குப் பாதி தெரிந்த கதையாகத்தான் இருக்கும். 1893-ல் வைமார் நகரில் இதன் முதல் அரங்கேற்றத்தை நடத்தியவர் அப்போது இளைஞராக இருந்த நம் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். ஷோல்ட்டி 1978-ல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு எடுத்த பதிவைத் தேடுங்கள். தங்கை கிரேட்டல் நம் லூசியா பொப். அண்ணனாகப் பாடுவதும் ஒரு பெண்தான், பிரிகிட்டே ஃபாஸ்பேண்டர். மியூனிக் படத்தில் வெள்ளி ரோஜாவைக் கொண்டுவரும் வாலிபனும் அவரே. குரூபரோவாவும் ஒரு சின்ன வேடத்தில் வந்து போகிறார்.

முழுசாகப் போட வேண்டாம், ஆறு வயசு தாங்காது. முதலில் இருவரும் கை கோத்து ஆடும் நடனப் பாட்டு. பையன் குதித்தால் அடுத்து இரண்டாம் அங்கத்தின் முடிவில் வரும் இரவுப் பிரார்த்தனை: காட்டில் இருட்டிவிட்டது, பதினாலு தேவதைகள் தங்களைச் சுற்றிக் காவல் நிற்கட்டும் என்று இரண்டு குழந்தைகளும் சேர்ந்து பாடிவிட்டுத் தூங்கிப்போவார்கள். உங்கள் மகனும் தூங்கினால் லாபம். மூன்றாம் அங்கத்தைப் பகலில் போடுங்கள். சூனியக்காரியாக வரும் அன்னி ஷ்லெம் சிரிக்கிற சிரிப்பு கொஞ்சம் மோசம்.